ஸ்டுடியோ பேச்சு, நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட்

இல்ல தம்பி, மேல வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனமாத்தான் இருக்கு, பரவாயில்ல. கேக்கும் இல்ல, ஸ்வீட்டும் இல்ல. திருச்சி ஸ்டேஷன்ல போர்ட்டர்கூட அப்படித்தான் கேட்டார். இது பாட்டு. பாக்ஸ் செட்னு சொல்றாங்க. நாலு ரெக்கார்டு, ஒரு கேசட்டு, ஒரு போஸ்டர், அறுபது பக்கத்துக்கு ஒரு புத்தகம். எங்க ஆல்பம். ஆமா, எங்க. அட்டையைப் பாருங்க. தண்ணி டேங்க் மேல மூணு பேர் நிக்கறோம்ல, இடது பக்கம் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒல்லியா ஒருத்தன். அது நான்தான். சிரிக்காதீங்க, அப்ப முடி இருந்துச்சு.

என் பேரு எட்வின். பேங்க்ல இருந்து போன வருஷம் ரிடையர் ஆனேன். இந்த ஃபோட்டோல இருக்கிறவன் பேங்க்ல வேலை பாப்பான்னு தோணுதா? தோணாது. எனக்கே தோணல.

பேண்டு பேரு ஓவர்ஹெட் டேங்க். எண்பத்தேழுல மெட்ராஸ்ல தண்ணி இல்லாம நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது, நீங்க பொறந்திருக்க மாட்டீங்க. லாரி சத்தம் கேட்டா அயனாவரமே குடத்தோட ஓடும். அந்தக் கோபத்துல வச்ச பேரு. ஆல்பம் பேரு 'நாளைக்கும் தண்ணி இல்லை'. புத்தகத்துல எங்க பாட்டைப் போஸ்ட் பங்க்னு ஏதோ ராக் ரகமாப் போட்டிருக்காங்க. அப்படி ஒரு சாமான் இருக்குன்னே எங்களுக்கு அப்பத் தெரியாது. டெரிக்கோட மாமா கப்பல்ல வேலை, அவர் கொண்டுவந்த கேசட்டையெல்லாம் கேட்டுட்டு நாங்களும் வாசிச்சோம். கோபமா வாசிப்போம், கோபமாப் பாடுவோம். ஐந்நூறு கேசட்டு போட்டோம். பாதி, டெரிக் வீட்டுக் கட்டிலுக்கு அடியில கிடந்து பூஞ்சை பிடிச்சுது. இன்னைக்கு பெர்லின்ல ஒரு சின்ன கம்பெனி அதைத் தேடிப் பிடிச்சு, தூசி தட்டி, இவ்ளோ பெரிய பெட்டில போட்டு விக்கறாங்க. உள்ள பாருங்க, தண்ணி லாரி டோக்கன். அந்தக் காலத்து டோக்கனை அப்படியே அச்சடிச்சு வச்சிருக்காங்க. நாங்க அதுக்காகத் தெருவுல சட்டையைக் கிழிச்சுக்கிட்டோம்.

பாருங்க, பாருங்க. கை சுத்தமா இருக்குல்ல? சரி, புத்தகத்தை எடுத்துப் பாருங்க.

மூணு பேரு நாங்க. குலோத்துங்கன் பாட்டும் கிட்டாரும். குலோன்னு கூப்பிடுவோம். டெரிக் டிரம்ஸ், பெரம்பூர் ஆங்கிலோ இண்டியன் பையன், இப்ப வெளிநாட்டுல, பெர்த்ல இருக்கான். நான் பாஸ் கிட்டார். நாலு கம்பிதானே, என்ன பெருசுன்னு கேப்பாங்க. இந்த மாதிரிப் பாட்டுல கிட்டார் சும்மா கீறிக்கிட்டு இருக்கும். பாட்டைத் தூக்கிக்கிட்டுப் போறது பாஸ்தான். நான் சொல்லல, புத்தகத்துல போட்டிருக்கு. பதினெட்டாம் பக்கம்.

'அடிபம்பு'ன்னு ஒரு பாட்டு. அதுதான் இதுல பேர் போனது. அந்தப் பாட்டு எப்படி வந்துச்சு தெரியுமா? எங்க வீட்டு அடிபம்புல வாஷர் தேஞ்சு போயிருச்சு. ரெண்டு அடிக்குக் காத்துதான் வரும். டக், டக். மூணாவது அடிக்குத்தான் தண்ணி. டொம். எங்க அம்மா காலைல அடிக்கறதைப் பாயில படுத்துக்கிட்டே கேப்பேன். டக், டக், டொம். ஒருநாள் அதை அப்படியே பாஸ்ல போட்டேன். ரெண்டு அடிக்குக் கம்பியை அமுக்கிப் பிடிச்சு வெறும் சத்தம், மூணாவதுக்கு முழு சுரம். குலோ அப்படியே எழுந்து நின்னுட்டான். "டேய், இதுதான்டா பாட்டு"ன்னான். அன்னைக்கே உக்காந்து வரி எழுதிட்டான். பாத்தீங்களா? அந்தப் பாட்டே என்னோடது. இதை மனசுல வச்சுக்கோங்க.

முப்பத்தெட்டு வருஷம் தம்பி. முப்பத்தெட்டு வருஷம் நான் எந்தக் கிளைக்கு மாறினாலும், துறையூர், லால்குடி, புதுக்கோட்டை, எங்க போனாலும் அந்தக் கேசட்டு கூடவே வந்துச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுவேன். ரிடையர்மெண்ட் ஃபங்ஷன்ல ஸ்பீக்கர் வச்சுப் போட்டாங்க. சீஃப் மேனேஜர் மைக்ல சொன்னார், லோன் ஃபைலுக்குள்ள ஒரு கலைஞர் ஒளிஞ்சிருந்திருக்கார்னு. கேஷியர் பொண்ணு வந்து கையைப் பிடிச்சுப் பாத்துச்சு, இந்த விரலா சார் அதுன்னு. என் போன் ரிங்டோனே அந்த பாஸ்தான். இப்ப இல்ல. மூணு வாரமா வைப்ரேஷன்ல வச்சிருக்கேன்.

மூணு வாரத்துக்கு முன்னாடிதான் பெட்டி வந்துச்சு. நம்ம கிட்ட ரெக்கார்டு பிளேயர் ஏது? உள்ள ஒரு அட்டைல நம்பர் இருக்கு, அதைப் போட்டு என் பொண்ணு எல்லாத்தையும் போன்ல இறக்கிக் கொடுத்தா. ஸ்டெல்லா, என் வீட்டம்மா, பக்கத்துல உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டிருந்தா. நான் இயர்போனை மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேட்டேன். முதல் ரெக்கார்டு ஆல்பம். அதுல கண்ணாடி மாதிரி கேக்குது பாஸ். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. ரெண்டாவது ஏதோ வீட்டுல பதிஞ்சது. மூணாவது ரெக்கார்டுதான். அதுல ஸ்டுடியோல பதிஞ்ச பழைய டேப்பையெல்லாம் போட்டிருக்காங்க. அதுல ஆறாவது, 'ஸ்டுடியோ பேச்சு', நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட்.

ஸ்டுடியோ வேப்பேரில. கிறிஸ்தவப் பாட்டு கேசட்டு பதியற இடம். சாலமன் அண்ணன்தான் மெஷின். அந்த மெஷினை நிறுத்தினா மறுபடி ஓடாது. பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டணும், அப்பவும் சில நேரம் டேப்பை மென்னு துப்பிரும். அதனால அண்ணன் நடுவுல நிறுத்தவே மாட்டார். நாங்க டீ குடிச்சாலும் ஓடும், சண்டை போட்டாலும் ஓடும். எல்லாம் பதிஞ்சிருக்கு. டேப்பு மேல 'கிறிஸ்துமஸ் பாட்டு'ன்னு பழைய லேபிள் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்ததால அவர் வீட்ல யாரும் தொடல. அண்ணன் தவறினப்புறம் அவர் மகன் எடுத்துக் குலோ கிட்ட கொடுத்திருக்கான். குலோ பெர்லினுக்கு அனுப்பிட்டான்.

என்ன பேசியிருக்காங்கன்னு அப்படியே சொல்றேன். எனக்கு மனப்பாடம்.

முதல்ல நான் பேசறேன். அம்மாவுக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போகணும், மூணு மணிக்குக் கிளம்பறேன்னு. கதவு சாத்தற சத்தம். அப்புறம் டெரிக்:

"அவன் அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல மச்சான். பேங்க் வேலைக்கு ஆர்டர் வந்திருச்சு அவனுக்கு. சட்டைப் பாக்கெட்ல இருக்கு, நான் பாத்தேன்."

குலோ சொல்றான், "தெரியும். அவனாச் சொல்லட்டும்னுதான் இருக்கேன்."

பாத்தீங்களா? என் பாக்கெட்டை எட்டிப் பாத்திருக்கான்! நண்பன் பாக்கெட்டை!

ஆர்டர் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. வேலை தம்பி அது. எங்க அப்பா ஐசிஎஃப்ல ஃபிட்டர், மூணு தங்கச்சிங்க. சொல்லலாம்னுதான் இருந்தேன். பதிவு முடியட்டும்னு இருந்தேன். ஒரு வாரத்துல ஒரு காலேஜ்ல கச்சேரி வேற இருந்துச்சு, அதை நினைச்சு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னது அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான். நான் டிக்கெட் எடுக்கப் போனேன் எழும்பூருக்கு. அது வேற விஷயம். நாம பேசிக்கிட்டிருக்கிறது வேற.

இப்பக் கேளுங்க. டெரிக் சொல்றான், இவன் ஏழு தடவை வாசிச்சுப் பதிஞ்சும் ஒண்ணுகூடச் சரியா வரல, மூணாவது அடி முந்திக்கிட்டு வருதுன்னு. குலோ சிரிக்கறான். "தண்ணி வர்றதுக்கு முன்னாடியே குடத்தை எடுத்துருவான் அவன்"ங்கறான். எப்பவும் என்னை அப்படித்தான் கேலி பண்ணுவான். அப்புறம் சொன்னான் பாருங்க.

"விடு. அவன் போயிட்டான்ல, நானே வாசிச்சுடறேன். அவன் கிட்டச் சொல்லாத. அட்டைல அவன் பேருதான் போடணும். பம்பு அவன் வீட்டுப் பம்பு."

அப்புறம் சாலமன் அண்ணன் ரெடின்னு சொல்றார். அப்புறம் பாஸ். டக், டக், டொம். அதே பாஸ். ஆல்பத்துல இருக்கிற அதே பாஸ்.

இயர்போனைக் கழட்டிட்டு ஸ்டெல்லாவைப் பாத்தேன். பீன்ஸை முடிச்சுட்டு கேரட் எடுத்துட்டா. நான் முப்பத்தெட்டு வருஷம் யாரோ வாசிச்சதைக் காட்டி நான்தான்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அவளுக்கு, என் பொண்ணுக்கு, சீஃப் மேனேஜருக்கு, அந்தக் கேஷியர் பொண்ணுக்கு. என் விரலைப் பிடிச்சுப் பாத்துச்சு தம்பி அது.

பேரைப் பிச்சை போட்டிருக்கான் எனக்கு. நீங்க சொல்லுங்க, பிச்சைதானே? ஸ்டெல்லா என்ன சொல்றா தெரியுமா? அந்த மனுஷன் முப்பத்தெட்டு வருஷம் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காரேங்கறா. அவளுக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது. சொல்லாம இருந்தவன் இப்ப ஏன் டேப்பை எடுத்து நீட்டினான்? ஊர் உலகமெல்லாம் கேக்கற மாதிரி? அந்த பெர்லின்காரங்களுக்குத் தமிழ் தெரியாது, ஏதோ பசங்க பேசறாங்கன்னு போட்டுட்டாங்க. இவனுக்குத் தெரியும்ல? கேட்டுட்டுத்தானே அனுப்பியிருப்பான்? அதுதான் துரோகம்ங்கறேன். வாசிச்சதைக்கூட விட்டுருவேன். இது முதுகுல குத்தறது.

அதே ரெக்கார்டுல நான் வாசிச்ச ஏழாவதும் இருக்கு. கேட்டேன். மூணாவது அடி கொஞ்சம் முன்னாடி வருது, உண்மைதான். அந்த மெஷின் ஸ்பீடு சரியில்ல. டிரம்ஸ் மட்டும் எப்படிச் சரியா இருக்குன்னு கேக்காதீங்க.

டீயா? வாங்குங்க, எனக்கும் ஒண்ணு. விழுப்புரம் வந்துருச்சா? புத்தகத்துல சிந்தாமப் பாத்துக்கோங்க.

போன் பண்ணினேன் குலோவுக்கு. விடுவேனா? மூணு தடவை பண்ணினேன். எடுக்கல. எடுக்காம மெசேஜ் அனுப்பறான், 'எட்வின், எழுதி அனுப்பு'ன்னு. பெரிய கலெக்டர், மனு கொடுக்கணும் இவருக்கு. நாலாவது தடவை வீடியோ கால் போட்டேன். எடுத்தான். தாடியெல்லாம் நரைச்சுப் போச்சு. பாத்ததும் எனக்கு ஒரு நிமிஷம் என்னமோ மாதிரி ஆயிருச்சு, ஒத்துக்கறேன். ஆனா என் கண்ணைப் பாக்கல தம்பி. என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கான். பக்கத்துல அவன் அண்ணன் பொண்ணாம், ஒரு நோட்டை வச்சுக்கிட்டு எழுதி எழுதிக் காட்டுது. நான் டேப் விஷயத்தைக் கேக்கறேன், ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு கேக்கறேன், இவன் சிரிச்சுக்கிட்டே, "வர்றேல்ல? வர்றேல்ல?"ங்கறான், கத்தறான் வேற. குத்தம் பண்ணினவன் அப்படித்தான் பேச்சை மாத்துவான். நான் வச்சுட்டேன்.

இன்னைக்குச் சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில ஒரு ஹால்ல இதோட வெளியீட்டு விழா. பெர்த்ல இருந்து டெரிக் வந்தாச்சு. 'அடிபம்பு' மட்டும் வாசிக்கணுமாம், மேடைல மூணு பேரும் இருக்கணுமாம். குலோ பாட மாட்டானாம், யாரோ ஒரு பொண்ணு பாடுதாம். அவன் சும்மா ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்திருப்பானாம். நான் பாஸ் வாசிக்கணுமாம்! எனக்கு எழுதறான், நேத்து வந்துச்சு மெசேஜ், இருங்க காட்டறேன். 'தப்பா வாசிச்சாலும் பரவாயில்லை. நீதான் வாசிக்கணும்.' எவ்ளோ கொழுப்பு பாருங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சவன், நூறு பேர் முன்னாடி என்னை நிறுத்திப் பாக்கறதுக்கு ஆசைப்படறான்.

போறேன். போகாம இருப்பேனா? ஆனா வாசிக்கப் போகல. மைக்கைப் பிடிச்சுப் பேசப் போறேன். இதோ, நாலு பக்கம் எழுதியிருக்கேன். மூணு வாரமா அடிச்சு அடிச்சு எழுதினது. இதைப் பத்தி ஸ்டெல்லாவுக்குக்கூடச் சொல்லல. முதல் வரியே, 'குலோத்துங்கன், நீ என்னைக் கேக்கணும்'னு ஆரம்பிக்குது. அவன் முகத்துக்கு நேரா, எல்லாரும் பாக்க. அவனுக்கு அது உறைக்கணும். அது போதும் எனக்கு. அதுக்காகத்தான் இந்த ரயில்.

என்ன?

புத்தகம் முழுக்கப் படிக்கலை தம்பி. இங்கிலீஷ்ல பொடிப்பொடியா அச்சடிச்சிருக்காங்க, யாரு படிப்பா? நாலு இடத்துல என் பேரு வருது. அதைப் படிச்சேன். எங்க பேண்டு உடைஞ்சதைப் பத்தி ஒரே வரி, 'எட்வினுக்கு வேலை கிடைத்தது' அவ்ளோதான். அதுலயும் பாருங்க, என்னைத்தான் இழுத்து விட்டிருக்காங்க.

கடைசிப் பக்கமா? அது நன்றி, வணக்கம்னு போட்டிருப்பாங்க. குலோ எழுதினதா? கண்ணாடியைப் பையில வச்சுட்டேன். நீங்களே படிச்சுச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க.

...

மறுபடி சொல்லுங்க.

எத்தனை வருஷமா?

ஆறு வருஷமாவா? ரெண்டு காதுமா? முழுசாவா?

இருங்க. மெதுவாப் படிங்க. 'இந்த டேப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னால் கேட்க முடியாது. எல்லாவற்றையும் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் சிரித்திருப்போம், அது இருக்கட்டும்.' அப்படியா எழுதியிருக்கான்? சிரிச்சிருப்போம்னா?

இல்ல, நிறுத்தாதீங்க. முடிச்சுடுங்க.

'ஸ்பீக்கர் மேல் கை வைத்தால் பாஸ் மட்டும் இன்னும் தெரிகிறது. எட்வினுடைய பம்பு.'

அவன் வாசிச்சதுய்யா அது. அவனே வாசிச்சது. அதை எட்வினோட பம்புன்னு எழுதியிருக்கான்.

தண்ணி இருந்தா கொஞ்சம் கொடுங்க.

நோட்டுல அந்தப் பொண்ணு எழுதிக் காட்டினது நான் பேசினதையா? அப்ப நான் வச்சதுக்கு அப்புறம்தான் அவன் படிச்சு முடிச்சிருப்பானோ? இல்ல அந்தப் பொண்ணு பாதியை எழுதாம விட்டுருச்சோ? நான் கெட்ட வார்த்தை ரெண்டு சொன்னேன். எழுதியிருக்காது. நல்ல பொண்ணு மாதிரித்தான் இருந்துச்சு.

நான் கேட்டேன்ல உங்களை, கேட்டுட்டுத்தானே அனுப்பியிருப்பான்னு. நீங்க அப்பவே ஒண்ணும் சொல்லல. நீங்க அதுக்கு முன்னாடியே படிச்சுட்டீங்களா? பரவாயில்ல. யாரா இருந்தாலும் சொல்லத் தயங்கத்தான் செய்வாங்க.

மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க தம்பி. காது போனா செஞ்சது இல்லைன்னு ஆயிருமா? எண்பத்தேழுல நல்லாத்தானே கேட்டுச்சு அவனுக்கு? என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, டேய் உனக்கு வரல, நான் வாசிக்கறேன்னு? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அவன் சொல்லாமப் போனான் பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. நானும் சொல்லாமத்தான் போனேன். சரி. நானும்தான்.

அப்ப நான் மைக்ல பேசினா அவனுக்குக் கேக்காது. ஹால்ல இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும், அவனுக்கு மட்டும் கேக்காது. ஸ்பீக்கர்ல கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். என் பேச்சு அவன் கைக்கு எப்படித் தெரியும்? தெரியாதுல்ல? அவன் பாட்டுக்கு என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பான்.

எழுதி அனுப்புன்னு சொன்னான். எழுதித்தான் வச்சிருக்கேன். கையில கொடுத்தா படிப்பான், கண்ணு நல்லாத்தானே இருக்கு. நாலு பக்கத்தையும் படிப்பான். படிச்சுட்டு என்ன பண்ணுவான்?

இதை நீங்க கொஞ்ச நேரம் வச்சிருங்க. கசக்காதீங்க. கிழிக்கவும் வேண்டாம், நான் கேட்டா கொடுத்துருங்க.

செங்கல்பட்டு ஏரி போயிருச்சா? அப்ப எழும்பூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். என் போனை எடுங்க, அந்தப் பக்கம் இயர்போனை நீங்க மாட்டிக்கோங்க, இந்தப் பக்கம் நான். பேச்சு வேண்டாம், அதைத் தாண்டிருங்க. முதல் ரெக்கார்டுல நாலாவது, 'அடிபம்பு'. முப்பத்தெட்டு வருஷமா அதை நான் வாசிச்சதுன்னு நினைச்சுத்தான் கேட்டிருக்கேன். அவன் வாசிச்சதுன்னு நினைச்சு ஒரு தடவை கேக்கறேன். கேட்டுட்டு, அந்தப் பேப்பரை என்ன பண்றதுன்னு சொல்றேன்.